கிணற்றுக் கணக்கு யாரிடம் இருக்கிறது? தொண்டைமானாற்றில் ஒரு குடிமக்கள் விஞ்ஞானத் திட்டத்தைத் தொடங்கும் வழி

தொண்டைமானாற்று நீரேரியின் கரையில் வாழ்பவர்களிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். “முந்தி நல்ல தண்ணி, இப்ப சவர்” என்பார் ஒருவர். “தடுப்பணைக் கதவைத் திறந்து விட்டதாலைதான் இப்பிடி” என்பார் தோட்டக்காரர். “கதவைப் பூட்டியே வைச்சிருந்தால் இறால் எங்கையிருந்து வரும்?” என்று கேட்பார் ஆற்றில் வலை வீசுபவர். மூவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தக் கிணறு, எவ்வளவு உப்பு என்று கேட்டால் ஒரு கொப்பியை எடுத்து விரித்துக் காட்டக்கூடியவர் அரிது.

அந்தக் கொப்பியை ஊரே சேர்ந்து எழுதுவதற்குப் பெயர்தான் குடிமக்கள் விஞ்ஞானம். பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமன்றி மாணவர், விவசாயி, கடற்றொழிலாளர், இல்லத்தரசி, ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலரும் ஒரே முறையில், ஒரே கேள்விக்காக, நீண்ட காலம் அவதானித்துப் பதிவு செய்வது அது. இக்கட்டுரை அத்தகைய ஒரு திட்டத்தைத் திட்டமிட்டுத் தொடங்குவது எப்படி என்பதைத் தொண்டைமானாற்றுக் கிணறுகளை முன்வைத்து விளக்குகிறது. நாகர்கோவிலிலோ, முல்லைத்தீவிலோ, மன்னாரிலோ வேறொரு கேள்வியோடு தொடங்க விரும்புவோருக்கும் இதே படிமுறைகள் பொருந்தும்.

ஏன் தண்ணீர், ஏன் தொண்டைமானாறு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தொண்டைமானாறு என்ற பெயரில் ஆறு இருந்தாலும் அது வடமராட்சி நீரேரி வடக்கே கடலோடு சேரும் வாய்தான். உப்பு ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் அதை வெட்டுவித்தான் என்று மரபு சொல்கிறது. அதன் கரையில்தான் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து நீரேரி வல்லை வெளியைக் கடந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது.

நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரை. ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலான மாரியில் கிடைக்கிறது. அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. நிலத்தடி நீரியலில் ஓர் எளிய கணிப்பு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். நமது சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அது சொல்லும் எச்சரிக்கை பொருந்தும். மேலே நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழே உவர் அதைவிடப் பலமடங்கு மேலே ஏறும்.

இதனால்தான் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொண்டைமானாற்றில் உவர்நீர்த் தடுப்பணை கட்டப்பட்டது. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், பின்னர் கதவுகளை மூடிக் கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதன் வேலை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டமும் இதே சிந்தனையில் எழுந்தது. ஆனையிறவு நீரேரியின் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, நீரேரிகளைப் படிப்படியாக நன்னீராக்கி, சுற்றியுள்ள கிணறுகளை மீட்பது அதன் நோக்கம். அது இன்றுவரை முழுமை பெறவில்லை. மறுபுறம், வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்து வைக்கப்பட்டது.

இவற்றில் எது எமக்கு வேண்டும் என்று பேசும்போதெல்லாம் கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி ஒன்றுதான்: கிணறுகளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது? அதற்கு விடை தேடக்கூடியவர்கள், அன்றாடம் அந்தக் கிணற்றில் அள்ளுபவர்களே.

சுன்னாகம் கற்றுத் தந்தது

சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்தை வடக்கில் அறியாதவர் இல்லை. அரச நிறுவனங்களின் பரிசோதனைகளும் நிபுணர் குழுக்களின் அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மக்கள் வீதியில் இறங்கினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்த ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் வெளித்தெரிய முன்பு கிணறு எப்படி இருந்தது என்பதற்குச் சாதாரண வீட்டுக்காரரின் கையில் இருந்தது நினைவு மட்டும்தான். பாதிப்பு வந்த பின் எடுக்கப்படும் அளவீடு “இப்போது இப்படி இருக்கிறது” என்று மட்டுமே சொல்லும். “முன்பு இப்படி இருக்கவில்லை” என்று காட்டுவதற்கு முன்பே எழுதிய பதிவு வேண்டும். இதை அடிப்படைப் பதிவு என்பார்கள். நெருக்கடி வந்த பிறகு அதைத் தயாரிக்க முடியாது.

போரால் பதிவுகளை இழந்த சமூகம் இதை எளிதில் விளங்கிக்கொள்ளும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் குடாநாட்டின் பெரும்பகுதியிலிருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். வீட்டு உறுதிகளே தொலைந்த இடத்தில் கிணற்றுக் குறிப்புகள் எங்கே மிஞ்சும்? தொலைந்ததை மீட்க முடியாது. ஆனால் இன்று தொடங்கும் பதிவு பத்து ஆண்டுகளில் ஒரு சான்றாகிவிடும்.

பிற இடங்களில் நடந்தவை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கொலின்ஸ் நகரை 1997 ஜூலையில் திடீர் வெள்ளம் தாக்கியது. நகரின் ஒரு பகுதியில் மழை கொட்டியபோது, சில மைல் தள்ளி மிகக் குறைவாகவே பெய்திருந்தது. உத்தியோகபூர்வ மழைமானிகள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கவில்லை. மறு ஆண்டு, 1998 இல், வீட்டு முற்றங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் அளக்கும் தொண்டர் வலையமைப்பு அங்கு உருவானது. இன்று அது நாடு முழுவதும் பரந்திருக்கிறது. மழை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது நமக்கும் தெரிந்ததே. வல்வெட்டித்துறையில் பெய்யும் மழை அச்சுவேலியில் பெய்வதில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் மூலம் மாற்றப்பட்டது. நிறமும் மணமும் மாறிய தண்ணீரைப் பற்றி மக்கள் முறையிட்டபோது அது பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் பதிலளித்தனர். 2015 இல் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து குடியிருப்பாளர்கள் 300 மாதிரிப் பொதிகளை வீடு வீடாகக் கொடுத்துச் சேகரித்தார்கள். பெரும்பாலானவை முறையாக நிரப்பப்பட்டுத் திரும்பின. தண்ணீரில் ஈயம் இருப்பது வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நகரம் பழைய நீர் மூலத்துக்குத் திரும்பியது. மாதிரி எடுப்பதில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றியதால்தான் அந்த முடிவுகள் விவாதத்தில் நின்றுபிடித்தன.

யப்பானில் 2011 மார்ச் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின்னர் தொண்டர்கள் கதிர்வீச்சுமானிகளை வாகனங்களில் பொருத்தி வீதி வீதியாக அளந்தார்கள். ‘சேப்காஸ்ற்’ என்ற அந்த முயற்சியில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் சேர்ந்து, அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மக்கள் எப்படியும் கூடும் நாளைத் தேர்ந்தெடுத்ததே அதன் பலம்.

நமக்கும் ஒரு மரபு உண்டு

தொண்டைமானாற்றுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய உயர்தர மாணவருக்கு நினைவுக்கு வருவது தவணைப் பரீட்சை வினாத்தாள்கள்தான். ஆனால் ‘வெளிக்களம்’ என்ற சொல்லையே பாருங்கள். வகுப்பறைக்கு வெளியே போய், நீரேரியையும் கரையையும் உயிரினங்களையும் நேரில் பார்த்துப் படிப்பதையே அது குறிக்கிறது. விஞ்ஞான ஆசிரியர்களின் உழைப்பில் வளர்ந்த அந்த நிலையம் போர்க்காலத்திலும் மாணவரைக் கைவிடவில்லை. ஒரே வினாத்தாளைப் பல பாடசாலைகளில் ஒரே முறையில் நடத்தி, ஒரே முறையில் திருத்தும் ஒழுங்கைத் தொண்டராக நின்றே பேணிய ஆசிரியர் சமூகம் நம்மிடம் இருக்கிறது. கிணறு அளக்கும் திட்டத்துக்கும் தேவைப்படுவது அதே ஒழுங்குதான்.

படிமுறை 1: ஒரே ஒரு கேள்வி

பெரும்பாலான திட்டங்கள் தொடங்கும்போதே தோற்பது கேள்வி பெரிதாக இருப்பதால். “யாழ்ப்பாணத் தண்ணீரின் தரம் என்ன?” என்பது ஒரு திணைக்களத்துக்கு உரிய கேள்வி. ஊருக்கு ஏற்ற கேள்வி இப்படி இருக்க வேண்டும்: “தொண்டைமானாற்று நீரேரியிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் உள்ள கிணறுகளில் உப்புத்தன்மை மாரிக்கும் கோடைக்கும் இடையில் எவ்வளவு மாறுகிறது? கரையிலிருந்து விலக விலக அந்த மாற்றம் குறைகிறதா?” இதில் இடம், காலம், அளக்கும் பொருள் மூன்றும் தெளிவாக உள்ளன. விடை எப்படி வந்தாலும் பயன்படும்.

கேள்வியைத் தனி ஒருவர் தீர்மானிக்கக் கூடாது. தோட்டக்காரர், கடற்றொழிலாளர், பெண்கள், ஆசிரியர் எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் தீர்மானியுங்கள். தடுப்பணைக் கதவு பற்றி விவசாயிக்கும் தொழிலாளிக்கும் வெவ்வேறு நலன்கள் உள்ளன. ஒரு தரப்பு மட்டும் அளந்தால் மறு தரப்பு அந்த எண்ணை நம்பாது.

படிமுறை 2: முன்பே அளந்தவர் யார்?

நீர்ப்பாசனத் திணைக்களம், நீர்வள சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஏற்கனவே என்ன பதிவுகள் உள்ளன என்று கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனமொன்றிடம் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். தடுப்பணைக் கதவுகள் எந்தத் திகதிகளில் திறக்கப்பட்டு மூடப்பட்டன என்ற விபரம் உங்கள் திட்டத்துக்கு மிகவும் தேவை. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமையும் உண்டு.

முதியவர்களின் நினைவுகளையும் சேருங்கள். “இடம்பெயர முன்பு இந்தக் கிணற்றில்தான் அயலட்டை முழுக்கக் குடிதண்ணி அள்ளினது” என்பதும் ஒரு தகவல். ஆனால் அதை அளவீட்டோடு கலக்காமல் தனியொரு பக்கத்தில், சொன்ன திகதியோடு எழுதுங்கள்.

படிமுறை 3: எதை, எதனால் அளப்பது?

தொடக்கத்துக்கு நான்கு அளவீடுகள் போதும்.

முதலாவது, மின்கடத்துதிறன். நீரில் கரைந்துள்ள உப்பு கூடக் கூட நீர் மின்னைக் கடத்தும் திறன் கூடும். பேனை வடிவிலான சிறிய மானியால் ஒரு நிமிடத்தில் அளக்கலாம். ஒரு சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் எழுதுங்கள். மழைநீரின் பெறுமானம் மிகக் குறைவு. கடல்நீர் ஏறத்தாழ 50,000. மானியை வாங்கும்போது வெப்பநிலைத் திருத்தம் தானாகவே செய்யக்கூடியதா என்று பாருங்கள். ஒரு பாகை வெப்பம் கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 வீதம் கூடும். எனவே எல்லா அளவீடுகளும் 25 பாகை செல்சியசுக்குத் திருத்தப்பட வேண்டும். நீரேரி நீரையும் அளப்பதாயின் உயர்ந்த பெறுமானங்களைக் காட்டும் மானி வேண்டும், கிணற்றுக்கு வாங்கும் மலிவான மானி அதற்குப் போதாது.

இரண்டாவது, நீர்மட்டம். கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் வண்ணத்தால் அடையாளமிட்டு, அங்கிருந்து நீரின் மேற்பரப்பு வரை அளவுநாடாவால் அளக்க வேண்டும். மூன்றாவது, மழை. 1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் நீர். மரமும் கூரையும் மறைக்காத வெளியில், நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள பாத்திரம் வைத்து ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் உயரத்தை அளந்தால் போதும். நான்காவது, தடுப்பணைக் கதவுகள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா என்ற குறிப்பு.

படிமுறை 4: எந்தக் கிணறுகள், எந்த நேரம்?

விருப்பமானவர்களின் கிணறுகளை மட்டும் எடுத்தால் படம் கோணலாகும். நீரேரிக் கரையிலிருந்து உள்நோக்கி மூன்று கோடுகளை வரைபடத்தில் கீறுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் கரையோரம், நடு, தூரம் என ஆறு அல்லது ஏழு கிணறுகள் வீதம் மொத்தம் சுமார் 20 கிணறுகள் போதும். வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் இரண்டும் இருக்கட்டும். அதிகம் இறைக்கும் கிணற்றில் உவர் விரைவாக ஏறக்கூடும். எது எந்த வகை என்பதையும் குறித்து வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், காலையில் மோட்டார் போட முன்பு எல்லாக் கிணறுகளையும் அளக்க வேண்டும். வாளியை மேற்பரப்பிலிருந்து ஒரே ஆழத்துக்கு இறக்குங்கள். ஆழம் மாறினால் உப்பும் மாறும். மானியை முதலில் கிணற்று நீரால் இருமுறை அலசிய பின்னரே அளக்க வேண்டும். இந்தச் செய்முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஒவ்வொரு குழுவிடமும் கொடுங்கள். புதிதாக வருபவர் அதை மட்டும் வாசித்து அளந்தாலும் அதே பெறுமானம் வர வேண்டும்.

படிமுறை 5: பிழையைத் தேடும் பழக்கம்

“பொதுசனம் அளந்ததை எப்படி நம்புவது?” என்று நிச்சயம் கேட்பார்கள். கோபப்பட வேண்டிய கேள்வி அல்ல அது. பதிலைத் திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு அளவை நாளிலும் காலையில் மானியைத் தெரிந்த பெறுமானமுள்ள கரைசலில் சரிபார்த்து, வந்த எண்ணையும் எழுதுங்கள். 1,413 மைக்ரோசீமன்ஸ் கொண்ட நியமக் கரைசல் இதற்குப் பொதுவாகப் பயன்படுகிறது. பத்துக் கிணறுகளுக்கு ஒன்றை இன்னொரு குழு தனியாக மீண்டும் அளக்கட்டும். முதற் குழுவின் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில மாதிரிகளைப் பாடசாலையோ பல்கலைக்கழகமோ சார்ந்த ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொப்பியில் பென்சில் வேண்டாம், பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிடுங்கள். அளக்காத நாளை வெறுமையாக விடுங்கள். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள். வெறுமையும் பூச்சியமும் ஒன்றல்ல. “போன கிழமை மாதிரித்தான் இருந்திருக்கும்” என்று இடைவெளியை நிரப்பினால் முழுக் கொப்பியின் நம்பகத்தன்மையும் போய்விடும். ஒவ்வொரு அளவை நாளின் முடிவிலும் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தவற்றுக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

படிமுறை 6: அனுமதியும் பாதுகாப்பும்

போருக்குப் பின் வடக்கில் படிவம் நிரப்பாத வீடு இல்லை. மீள்குடியேற்றம், நிவாரணம், ஆணைக்குழு, தொண்டு நிறுவனம் என எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிப் போனார்கள். என்ன முடிவு வந்தது என்று திரும்பி வந்து சொன்னவர் குறைவு. எனவே “இன்னொரு கணக்கெடுப்பா?” என்ற சலிப்பு நியாயமானது. எதற்காக அளக்கிறோம், முடிவு யாரிடம் போகும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை வீட்டுக்காரருக்குத் தெளிவாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தால் பராமரிப்பவரிடம் மட்டுமல்லாமல் அவரிடமும் கேளுங்கள்.

பொதுவில் வெளியிடும் அட்டவணையில் பெயரோ முகவரியோ வேண்டாம், கிணற்று இலக்கம் மட்டும் போதும். “சவர்க் கிணறு” என்ற பெயர் பரவினால் காணியின் பெறுமதி குறையக்கூடும். வரைபடத்திலும் துல்லியமான புள்ளிக்குப் பதிலாகப் பகுதியை மட்டும் காட்டுங்கள். ஒவ்வொரு கிணற்றின் பெறுமானமும் முதலில் அந்த வீட்டுக்காரருக்கே சொல்லப்பட வேண்டும்.

திட்டம் தொடங்க முன்பே கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். மானியும் கொப்பியுமாகக் கரையோரம் திரியும் இளைஞரை யாராவது மறித்துக் கேட்டால் அந்தக் கடிதம் உதவும். படை முகாம்களுக்கு அருகில் படமெடுக்க வேண்டாம். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத நிலத்துக்கும் எந்தத் தகவலுக்காகவும் போக வேண்டாம். கட்டில்லாத கிணற்றில் மாணவர் அளக்கக் கூடாது. எங்கும் இருவராகவே போக வேண்டும். பாடசாலை மாணவருடன் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

படிமுறை 7: ஒத்திகை, பின்னர் ஓராண்டு

ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் ஐந்து கிணறுகளோடு ஒத்திகை பாருங்கள். எங்கே தடுமாறுகிறது, எந்த நிரல் விளங்கவில்லை, யாரால் தொடர்ந்து வர முடியவில்லை என்பது அப்போது தெரியும். படிவத்தைத் திருத்துங்கள். ஒக்ரோபரில், மாரி தொடங்கும்போது, 20 கிணறுகளோடு முறையாகத் தொடங்கி அடுத்த செப்ரெம்பர் வரை அளந்தால் ஒரு முழு நீராண்டு கையில் இருக்கும். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் மாணவர் வர மாட்டார்கள். அந்தக் கிழமைகளுக்கு ஓய்வுபெற்றவர்களையும் வீட்டிலிருப்பவர்களையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவர் மாதத்தில் ஒரு காலையைக் கொடுத்தால் போதும்.

புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வருவார்கள். நல்ல மானி, நியமக் கரைசல், தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை ஆகியவற்றில் அவர்களின் பங்கு பெரிது. ஆனால் திட்டத்தின் கேள்வியும் முடிவும் கிணற்றில் அள்ளுபவர்களின் கையில்தான் இருக்க வேண்டும். வெளிப்பணம் நின்றாலும் தொடரக்கூடிய அளவுக்குச் சிறியதாகவே திட்டத்தை வைத்திருங்கள்.

முடிவைச் சொல்லும்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் முடிவுகளை அச்சிட்டுச் சனசமூக நிலையத்திலும் பாடசாலையிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் எல்லோரையும் அழைத்துப் பேசுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிரதி அனுப்புங்கள்.

சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். மின்கடத்துதிறன் உப்பைக் காட்டும். கிருமியையோ, பூச்சிகொல்லியையோ, எண்ணெயையோ காட்டாது. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் முக்கிய பிரச்சினையான நைத்திரேற்றையும் அது பிரித்துக் காட்டாது. உரமும் மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், அதை அளக்க ஆய்வுகூடம் வேண்டும். எனவே மானி குறைந்த எண்ணைக் காட்டியதை வைத்து “இந்தத் தண்ணீர் பாதுகாப்பானது” என்று எவருக்கும் சொல்லாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அப்படிச் சொல்வது ஆபத்தாக முடியலாம்.

அதேபோல், ஓராண்டு அளவீட்டை வைத்துத் தடுப்பணைதான் காரணம் என்றோ, இல்லை என்றோ தீர்ப்பளிக்க முடியாது. மழை குறைந்த ஆண்டும், 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளம் வந்த ஆண்டும் ஒன்றல்ல. மூன்று, நான்கு மாரிகளைக் கண்ட பிறகே எது வழமை, எது மாற்றம் என்று பேசத் தொடங்கலாம். அதுவரை கொப்பி வளரட்டும்.

அந்தக் கொப்பி வளர்ந்தபின் நீரேரியைப் பற்றிய அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு விதமாக இருக்கும். கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் தாங்களே சேர்ந்து அளந்த எண்களை நடுவில் வைத்துப் பேசுவார்கள். கருத்து வேறுபாடு அப்போதும் இருக்கும். ஆனால் தண்ணீருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வெளியாரின் அறிக்கைக்காக ஊர் காத்திருக்க வேண்டியிராது. அதற்கு இந்த ஓகஸ்டில் வேண்டியது ஐந்து கிணறுகள், ஒரு மானி, ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை விடிய எழும்பக்கூடிய நான்கு பேர்.